பொந்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி

எனக்கு வயது எழுபத்து நான்கு. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். ஒருவன் என் நாத்தனார் விட்டுப்போன பிள்ளை. ஆறாவது, இதோ பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிற என் பேத்தி பவித்ரா. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பஸ் நெற்றியில் ஊர்ப்பெயர் தமிழில் இருந்தால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். இங்கே பஸ் எல்லாம் கன்னடத்தில் ஓடுவதால் அந்தப் படிப்பும் உதவாமல் போயிற்று. ஆனால் என் வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். அப்படித்தான் இந்த வருடக் கோடை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது காலையில் விளக்குமாற்றை எடுத்தால் அடுப்படிச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையை ஓங்குவதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வருகிறது. "ஆயா, அடிச்சிராத! அத இன்னும் போட்டோ எடுக்கல!" அவள் எழுந்து, முகம் கழுவி, போனைத் தேடி எடுத்து, பூச்சியை முன்னும் பின்னும் படம் பிடித்து, அதன் பெயரை ஆராய்ந்து முடிக்கிற வரைக்கும் நான் விளக்குமாறும் கையுமாக நிற்க வேண்டும். சொந்த வீட்டைக் கூட்டுவதற்குப் பூச்சியிடம் உத்தரவு வாங்குகிற நிலைமை எனக்கு வந்திருக்கிறது.

பேரணாம்பட்டுப் பக்கம் இன்னும் இருக்கிற என் சொந்தபந்தங்களுக்கும், என்னைப் போல மலையேறி வந்து தங்கவயலில் தங்கிவிட்டவர்களுக்கும், இங்கிருந்தும் பிழைப்பு தேடி வேறெங்கோ போனவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். கல்யாணம் காதுகுத்து என்று நான் கீழே வரும்போதெல்லாம் நீங்கள் கேட்பது ஒரே கேள்வி. "இன்னும் தங்கம் கிடைக்குதா அங்க? ஒரு பிடி மண்ணாச்சும் எடுத்தாந்தியா?" சிரித்துக்கொண்டே கேட்பீர்கள். ஆனால் கண் என் பையின் மேல் இருக்கும். சுரங்கத்தை மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அதைச் சொன்னாலும் நம்ப மாட்டீர்கள். இந்தக் கோடையில் நடந்ததைக் கேளுங்கள். அதன் பிறகு என்னிடம் யாரும் தங்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

ஸ்கெலட்டன் என்கிற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் இந்த லைன் வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது பூச்சிதான் என்னை வரவேற்றது. தட்டிச் சுவரில் மூட்டைப்பூச்சி, ஓலைப்பாயில் மூட்டைப்பூச்சி, மாமியாரின் தலையணையில் மூட்டைப்பூச்சி. என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தால், மூடியைத் திறந்ததும் மைன்ஸ் கரப்பான் ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு ஏறி வரும். கட்டைவிரல் நீளம் இருக்கும். சுரங்கத்தின் அடியில், அந்தச் சூட்டில், மனிதர்கள் விட்ட எச்சிலைத் தின்று கொழுத்த ஜாதி அது. மேலே வெளிச்சத்துக்கு வந்ததும் திகைத்து நிற்கும். அந்த நேரம் பார்த்துச் செருப்பால் அடிப்பேன். "பாவம், அதுவும் நம்ம கூட கேஜ் கூண்டுல ஏறி வந்துகீது, விடு" என்பார் அவர். நான் விட்டதில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, வெந்நீர் ஊற்றி, வெயிலில் பாயை உதறி ஐம்பது வருடங்களாக நான் ஒழித்த வம்சத்தைத்தான் என் பேத்தி இப்போது தேடிப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

பவித்ரா விலங்கியல் படிக்கிறாள். கோடை முழுக்க ஒரு கெரேயைச் சுற்றி இருக்கிற பறவை, அந்துப்பூச்சி, வண்டு, தும்பி எல்லாவற்றையும் பதிவு செய்து வரச் சொல்லிவிட்டார்கள் காலேஜில். கெரே என்றால் ஏரி. இந்தச் சீமையில் அப்படித்தான் சொல்வார்கள். அவள் தேர்ந்தெடுத்தது சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டுக்கு அந்தப்பக்கம், ஆட்டோ போகிற தூரத்தில் உள்ள ஒரு சின்ன கெரே. என் மகனும் மருமகளும் விடிவதற்குள் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள். வயதுக்கு வந்த பெண்ணை ஆளில்லாத கரையில் தனியாக விட எனக்கு மனசில்லை. அதனால் துணைக்கு நான். முதல் நாள் கரையேறிப் பார்த்ததுமே முந்தானையை மூக்கில் வைத்தேன். தண்ணீர் நடுவில் சுருங்கிப் போய்ப் பச்சையாக, கஞ்சி ஆடை படிந்ததுபோலக் கிடந்தது. அதில் எருமைகள் கழுத்து வரை மூழ்கியிருந்தன. வற்றிப்போன பக்கமெல்லாம் சாராயப் பாக்கெட்டு, குழந்தைக்குக் கட்டி அவிழ்த்த பஞ்சுத் துணி, சலூனில் கூட்டிக் கொட்டிய மயிர், கறிக்கடையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தள்ளிய கோழி இறகும் குடலும். அந்தக் குவியல் தானாக அசைந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அத்தனையும் புழு. "சூப்பர் ஆயா" என்றாள் இவள். "இதுக்காகவே எவ்ளோ பறவை வரும் பாரு." நான் பார்க்கவில்லை. திரும்பி ஒரு புங்கமரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நம் ஊர் ஏரி இப்படியா இருந்தது என்று நீங்கள் பெருமைப்பட்டுக்கொள்ளத் தேவையில்லை. அந்த ஏரி எனக்கும் ஞாபகம் இருக்கிறது. மேல்துறையில் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும். எங்கள் தெருக்காரர்கள் அங்கே கால் வைக்கக் கூடாது. மாடு கழுவுகிற கீழ்த்துறைதான் எங்களுக்கு. மாட்டு மூத்திரத்தை ஒதுக்கிவிட்டுக் குடத்தை முக்குவாள் என் அம்மா. கோடையில் ஏரி வற்றி, மீன் பிடிக்க ஊரே சேற்றில் இறங்கும்போதும், பெரிய மீன் எல்லாம் அந்தப்பக்கம் போன பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். சேற்றைத் துழாவினால் கெளுத்தி முள் குத்தும். என் அப்பா ஒரு வருடம் கூப்பிடுவதற்கு முன்பே இறங்கிவிட்டார். அதற்கு அவருக்குக் கிடைத்ததை இங்கே சொல்ல மாட்டேன். அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், வெட்கம் இருந்தால் அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். தங்கவயலில் குழாயடியில் சண்டை போட்டாவது முதல் குடத்தை நான் பிடித்திருக்கிறேன். ஆகவே, ஊரை நினைத்துக் கண்ணைக் கசக்குகிற ஜாதி நானில்லை. எனக்கு அந்த ஏரியும் நாற்றம்தான், இந்தக் கெரேயும் நாற்றம்தான். இரண்டும் வேறு வேறு நாற்றம்.

பவித்ராவோடு படிக்கிற சஹானா என்கிற கன்னடப் பெண் சில நாட்கள் பெங்களூரிலிருந்து வருவாள். அவள் வந்தால் பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு குச்சி நட்டு, நடுவில் வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் முன்னால் விளக்கைத் தொங்கவிடுவார்கள். கட்டியது என் வெள்ளைப் போர்வை. கேட்டால் கொடுத்திருக்க மாட்டேன் என்று தெரிந்து கேட்காமலே எடுத்து வந்திருக்கிறாள். விளக்கு எரிந்ததும் எங்கிருந்துதான் வருமோ, பழுப்பு, பச்சை, காய்ந்த இலைபோல ஒன்று, பறவை எச்சம்போல ஒன்று, அப்பி அப்பி விழும். வண்டு வந்து தலையில் மோதும். என் ரவிக்கைக்குள் ஒன்று புகுந்து நான் போட்ட ஆட்டத்தை அந்தப் பெண் சஹானா பார்த்து, "அஜ்ஜி சூப்பர் டான்ஸ்" என்று கை தட்டினாள். கன்னடத்தில் அஜ்ஜி என்றால் ஆயா. வீட்டுக்கு வந்து அந்தப் போர்வையை மூன்று தண்ணீரில் அலசினேன். மஞ்சள் கறை போகவில்லை. இன்றைக்கும் அதை யாருக்கும் போர்த்தக் கொடுப்பதில்லை.

கரையை ஒட்டி நிலம் வைத்திருக்கிற ரத்னம்மா தினமும் எருமை ஓட்டிக்கொண்டு வருவாள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். வாட்டசாட்டமான பெண்பிள்ளை. அவள் பாதி கன்னடம், பாதி தெலுங்கு. என் கன்னடமோ குழாயடிக் கன்னடம். திட்டுவதற்குச் சரளமாக வரும், விளக்குவதற்கு வராது. ஒருநாள் என் எதிரில் குந்திக்கொண்டு, "ஏன் ஹுடுக்தா இத்தாரே?" என்று கேட்டாள். என்ன தேடுகிறார்கள் என்று. "ஹுளா. ஹக்கி" என்றேன். பூச்சி, பறவை. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பவித்ரா கையிலிருந்த சின்னச் சின்ன பாட்டில்களைப் பார்த்தாள். வலையைப் பார்த்தாள். "ஹுளா நோடோக்கே யாராதரூ பர்த்தாரா?" என்றாள். பூச்சி பார்க்க எவராவது வருவார்களா? நியாயமான கேள்வி. அதையேதான் நானும் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "பர்த்தாரே, ஏன் மாடோது?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். வருகிறார்களே, என்ன செய்வது? அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுப் போனாள். நான் எதையோ மறைக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டாள். அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

மண் லாரிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனதில் கரையின் ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குச் சுவர்போல வெட்டுப்பட்டு நின்றது. சித்திரை பிறந்ததும் அந்தச் சுவரில் பொந்துகள் தெரிந்தன. பச்சை நிறத்தில், வாலில் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டு, கண்ணுக்கு மை தீட்டினதுபோல ஒரு குருவி. பஞ்சுருட்டான் என்றாள் பவித்ரா. அதுதான் பொந்து வெட்டுகிறது. அலகால் குத்தி, காலால் பின்பக்கமாக மண்ணைத் தள்ளும். ஆண் உள்ளே போனால் பெண் வெளியே காவல். பிறகு மாற்றிக்கொள்ளும். ஷிஃப்ட்தான். தும்பியைப் பிடித்துக் கிளையில் அடித்துக் கொன்று, இறக்கையை உதிர்த்துவிட்டு வாயில் கவ்விக்கொண்டு அந்த இருட்டுக்குள் நுழையும். என்னைத் தூக்கிவிட்டு ஒரு பொந்தின் வாயில் மூக்கை வைக்கச் சொன்னாள். வைத்தேன். கெட்டுப்போன மீனும் மூத்திரமும் கலந்த வாடை. உள்ளே குஞ்சு பொரித்துவிட்டது, அதன் எச்சமும் பூச்சி மிச்சமும் அங்கேயே கிடக்கும், யாரும் கூட்ட மாட்டார்கள் என்றாள். என் வீட்டுக்காரர் அடியிலிருந்து ஏறி வந்தால் சட்டையில் ஒரு வாடை அடிக்கும். வெடிமருந்துப் புகை, வேர்வை, துரு, இன்னும் என்னென்னவோ. எனக்கு அது பிடித்ததே இல்லை. அவர் போன பிறகும் பிடிக்கவில்லை. ஆனால் வீட்டுச் சோறு அந்த வாடையில்தான் வந்தது. பொந்துக்குள் நுழைகிற குருவியைப் பார்த்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

பவித்ராவின் வேலை முழுக்க அந்தப் பொந்துகளின் மேல் போய்விட்டது. எந்தப் பொந்துக்கு என்ன பூச்சி போகிறது, எத்தனை குஞ்சு வெளியே வருகிறது என்று கடைசி வரை பார்த்தால்தான் அது பதிவு. குஞ்சு பறக்காவிட்டால் கோடை முழுக்க அலைந்தது வீண். எருமைகள் மேலே நடந்து மண் சரிந்துவிடக் கூடாது என்று, என் பழைய சிவப்பு ரவிக்கையைக் கிழித்துக் குச்சிகளில் கட்டி, ஒவ்வொரு பொந்துக்கும் பக்கத்தில் நட்டாள். படிப்புதான் படிக்கிறாள். தங்கவயலில் பிறந்த பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா? இங்கே எவனாவது குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சர்வே நடந்திருக்கிறது, கீழே தங்கம் ஓடுகிற பாறை இருக்கிறது. எனக்கும் அந்தச் சமயம் மண்டையில் உறைக்கவில்லை, ரவிக்கை போன கோபத்தில் இருந்தேன்.

பக்கத்து லைனில் முனுசாமி இருக்கிறான். என் வீட்டுக்காரரோடு ஒரே கேங்கில் வேலை செய்தவன். ஒருநாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"யக்கா, நம்ம பாப்பா கெரேல இன்னாமோ பாக்குதாமே?"

"பூச்சி பாக்குது. உனுக்கு இன்னா?"

"சும்மா சொல்லாத யக்கா. பாட்டில்ல சாம்பிள் எடுத்துகினு போவுதாம். துணியில லைட்டு உட்டுப் பாக்குதாம். கொடி வேற நட்டுகீதாம். ரத்னம்மா புள்ள மார்க்கெட்ல சொல்லிகினு திரியறான். பெங்களூர்ல இருந்து ஒரு பொண்ணு வந்து போவுதாமே, அது யாரு, ஆபீசரா?"

"டேய், அது பூச்சிக் காலேஜுடா!"

"பூச்சிக்கு எவன் காலேஜ் கட்டுவான்?" என்றான் முனுசாமி. என்னைப் பார்த்து ஒரு கள்ளச் சிரிப்பு வேறு. "நீ சொல்லாட்டிப் போ. அண்ணன் இருந்திருந்தா என்கிட்ட சொல்லியிருப்பாரு."

மறுநாள் காலை நாங்கள் கரையேறியபோது அந்த வெட்டுச் சுவரில் பாதியைக் காணவில்லை. கடப்பாரை, மண்வெட்டி, இரும்புச் சட்டி. ரத்னம்மாவின் மகனும் அவன் ஆட்களும் ஒரு பக்கம், நம்முடைய ஸ்கெலட்டன் ஆட்கள் ஒரு பக்கம். கன்னடக்காரன் தமிழன் என்று ஆற்றுத் தண்ணிக்கும் கன்னடக் கொடிக்கும் முறைத்துக்கொள்கிறவர்கள் இங்கே ஒரே பீடியை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டு தோண்டினார்கள். எங்கெல்லாம் சிவப்புத் துணி இருந்ததோ அங்கெல்லாம் குழி. சரிந்த மண்ணில் குஞ்சுகள் கிடந்தன. கண் திறக்காதவை, இறகு முளைக்காமல் உரித்த இறால்போல இருந்தன. சிலது அசைந்தது. அதற்குள் எறும்பு ஏறிவிட்டது. தாய்ப் பறவைகள் வாயில் பூச்சியோடு கரையோர மின்கம்பியில் உட்கார்ந்து, பறந்து வந்து, பொந்து இருந்த இடத்தில் காற்றில் நின்று படபடத்து, திரும்பப் போய் உட்கார்ந்தன.

பவித்ரா ஓடினாள். "அண்ணே, நிறுத்துங்கண்ணே! அது குருவிக் கூடுண்ணே! தங்கம் இல்ல!"

"குருவிக்கு எவம்மா கொடி நடுவான்?" என்றான் ஒருத்தன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

தண்ணீரோரம் முனுசாமி சட்டியில் மண்ணைக் கரைத்துச் சுற்றிச் சுற்றி ஆட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கலங்கலில் ஒரு குஞ்சும் சேர்ந்து சுற்றியது. அவன் அதை ஒரு விரலால் சுண்டி வெளியே போட்டான், கல்லைப் பொறுக்கிப் போடுகிற மாதிரி. வெட்கமாக இருந்தது எனக்கு. அடுத்தவன் செய்திருந்தால் கோபம் வந்திருக்கும். என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன் செய்ததால் அருவருப்பு வந்தது.

"முனுசாமி! இன்னாடா பாக்குற? காலம் பூரா அடியில பாத்தியே, பத்தலியா?"

"அது கம்பெனிக்குப் பாத்தது யக்கா." சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவன். "இது எனக்கு."

அதற்குள் ரத்னம்மா கத்திக்கொண்டு வந்தாள். என் நிலத்தோரம் எதற்குத் தோண்டுகிறீர்கள் என்று. தோண்டுகிறவர்களில் அவள் மகனும் உண்டு, அவனை ஒன்றும் சொல்லவில்லை. நேராக என்னிடம் வந்து கையை நீட்டினாள். "தமிழ்நவரு பந்து எல்லா தகொண்டு ஹோதரு! ஈக கெரேனூ பேகா? நிம்ம ஊரிகே ஹோகி!" தமிழர்கள் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனீர்கள், இப்போது ஏரியும் வேண்டுமா, உங்கள் ஊருக்குப் போங்கள். எந்த ஊருக்குப் போவது? மேல்துறையில் கால் வைக்க விடாத ஊருக்கா? இதைக் கன்னடத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினேன். காதைத் திருப்பிக் காட்டினேன். துளை இருக்கிறது, தோடு இல்லை, வேப்பங்குச்சி செருகியிருக்கிறேன். "பங்காரா எல்லி இதே? தோர்ஸு" என்றேன். தங்கம் எங்கே இருக்கிறது, நீயே காட்டு. அவள் பார்த்தாள். என் மாமனார் அடியில் போனார், என் வீட்டுக்காரர் போனார், அவர் நெஞ்சில் கல்தூசிதான் மிச்சம். அதையும் சொல்ல வரவில்லை. ரத்னம்மா நீட்டிய கையைக் கீழே இறக்கினாள். ஆனால் போகவில்லை, நின்று என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியதும் தோண்டினவர்கள் சோற்றுக்குக் கலைந்தார்கள். கரையின் கோடியில், உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால், இன்னும் சில பொந்துகள் தப்பியிருந்தன. அவர்கள் கண்ணில் படவில்லை, நாளைக்குப் படும். பவித்ரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அங்கிருந்த கொடிகளைப் பிடுங்கிப் பையில் போட்டாள். "எல்லாம் போச்சு ஆயா. கொடி இல்லன்னாலும் நாளைக்கு மிச்சக் கரையையும் வெட்டிருவாங்க. இவங்களுக்கு எங்க நிறுத்துறதுன்னு தெரியாது" என்றாள். சரியாகச் சொன்னாள். எங்கே நிறுத்துவது என்று இவர்களுக்குத் தெரியாது. கொடி எங்கே இருக்கிறதோ அங்கே போவார்கள்.

பையை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் கோழிக் குடல் குவியல் இருக்கிறதே, வற்றின பக்கத்தில், வீடு அளவுக்கு, அதன் மேல் ஏறினேன். கால் புதைந்தது. எது மேல் மிதித்தேன் என்று நான் குனிந்து பார்க்கவில்லை. ஈ முகத்தில் அடைந்தது. ஒரு கொடி இங்கே, ஒன்று அங்கே, நல்ல நேர்கோட்டில், சர்வேக்காரன் நடுவதுபோல நட்டேன். அவர்களை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

"ஆயா! இன்னா பண்ற? அது தப்பான டேட்டா!" என்று கரையிலிருந்து கத்தினாள் பவித்ரா.

"உன் டேட்டாவ நீ எழுது. இது என்து" என்றேன்.

மறுநாள் கரை காலியாக இருந்தது. அத்தனை பேரும் குப்பையில் நின்றார்கள். வாயிலும் மூக்கிலும் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டினார்கள். வெட்ட வெட்ட உள்ளேயிருந்து கருப்பாக ஒரு தண்ணீர் கசிந்தது. முனுசாமி ஒரு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டுத் திரும்பி வந்து வெட்டினான். இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்து வெட்டினான். தங்கம் கிடைக்குதா என்று சிரித்துக்கொண்டே கேட்கிறீர்களே, இந்த ஆசையைத் தலையில் ஏற்றித்தான் நம் ஆட்களை ஊரிலிருந்து மலையேற்றினார்கள், பிறகு சுரங்கத்தை மூடிவிட்டுப் போனார்கள். ஆசையை மட்டும் மூட யாரும் வரவில்லை. அவனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

புங்கமரத்தடியில் ரத்னம்மா வந்து உட்கார்ந்தாள். சற்று நேரம் குப்பையைப் பார்த்தாள். என் புடவைக் கரையைப் பார்த்தாள். குப்பைமேல் ஏறியபோது ஒட்டின கறை அலசியும் போகவில்லை. "ஆ கட்டி நீவே இட்டித்தா அஜ்ஜி?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்தக் குச்சி நீதான் நட்டாயா?

"ஹௌது" என்றேன். ஆமாம். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இருமல் வந்து கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். பிறகு, என் மகனிடம் சொல்லிவிடாதே, நன்றாகத் தோண்டட்டும், அடியில் கிடப்பது மக்கிப்போன எரு, என் நிலத்துக்கு ஆகும் என்றாள். சாயங்காலம் அவள் வண்டி கொண்டுவந்து நிறுத்தினாள். தோண்டி எறிந்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனாள். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. உங்கள் ஊருக்குப் போங்கள் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து எருமைகளைக் கோடிப்பக்கம் விடாமல் தானே மறித்துக்கொண்டு நின்றாள். சில நாட்களில் ஆட்களுக்கும் சலித்துப்போயிற்று. குப்பையை ஏரி முழுக்க இறைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது நாற்றம் முன்னைவிட அதிகம்.

நேற்று காலை புதருக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்தோம். ஒரு பொந்தின் வாயில் குஞ்சு ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. தலை வெளியே, உடம்பு உள்ளே. நெற்றியில் காய்ந்த எச்சம் ஒட்டியிருந்தது. தாய் எதிரே கம்பியில் ஒரு தும்பியோடு உட்கார்ந்து கூப்பிடுகிறது, கொண்டுவந்து ஊட்ட மாட்டேன் என்கிறது. குஞ்சு முன்னால் நகர்ந்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பின்னால் போய், திரும்பவும் தலையை நீட்டிக் கத்தியது. வெயில் ஏறுகிற வரைக்கும் இதே கூத்துதான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஒண்ணு வெளிய வா, இல்ல உள்ள போ" என்று அதட்டினேன். பதினெட்டு வயதில் மலையேறி வந்த நாளிலிருந்து நான் அப்படித்தானே நிற்கிறேன். தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். எனக்கு எதிரே கம்பியில் உட்கார்ந்து கூப்பிடத்தான் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் போ என்று சொல்கிறவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அந்தக் குஞ்சு கடைசியில் தவறி விழுகிற மாதிரி வெளியே வந்தது. விழவில்லை. தண்ணீருக்கு மேலே தாழ்வாகப் போய், அந்த அழுகல் பச்சைக்கு மேலே எழும்பி, கம்பியில் கோணலாக உட்கார்ந்தது. பவித்ரா என் கையைப் பிடித்து நசுக்கினாள். சுத்தமில்லாத கை, எதையெதையோ தொட்ட கை. நான் உதறவில்லை.

அவ்வளவுதான். பவித்ரா, எழுதினது போதும், இப்ப படிச்சுக் காட்டு. நடுவுல உன் சொந்தச் சரக்கு எதுவும் சேக்கக் கூடாது. நான் நாத்தம்னு சொன்ன எடத்துல எல்லாம் நாத்தம்னே இருக்கணும்.